கேட்டால் அல்லவா சொல்வார்கள்!

தில்லிக் குளிருக்கு அஞ்சி மாலை வேளைகளில் நூல்நிலையத்தில் புகுந்துகொள்வது என் வழக்கம். படிப்பின்மேல் உள்ள ஆர்வத்தால் போகிறேன் என்று சொன்னால் என் அறைத்தோழியே நம்பமாட்டாள். 2025 ஜனவரியில் அவ்வாறு போயிருந்த ஒரு நாள், 'எகனாமிக் அண்டு பொலிட்டிகல் வீக்லி' என்னும் இதழின் பழைய கட்டு ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 1983-ஆம் ஆண்டு இதழ் ஒன்றில், சிவகாசித் தீப்பெட்டித் தொழிலில் உழைத்த சிறுவர் சிறுமியரைப் பற்றிச் சுமித்து கோத்தாரி எழுதிய கட்டுரை கண்ணில் பட்டது. உட்கார்ந்து முழுவதும் படித்தேன். குறிப்பும் எடுத்தேன்.

குறிப்பேட்டை மூடும்போதுதான் உறைத்தது. என் அம்மா சாத்தூருக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். சிறு வயதில் 'பெட்டி ஒட்டினவர்'. இஃது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆனால், தெரியும் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. எந்த வயதில் ஒட்டத் தொடங்கினார், எத்தனை ஆண்டு ஒட்டினார், ஏன் பள்ளிக்கூடத்தை விட்டார், ஒன்றும் தெரியாது. யாரோ ஒருவர் எங்கிருந்தோ வந்து கேட்டு எழுதியதை நான் நாட்டின் மறுகோடியில் உட்கார்ந்து பக்க எண்ணோடு குறித்துக்கொள்கிறேன். கேட்க வேண்டியவரோ, ஒவ்வொரு நாளும் இரவு எட்டு மணிக்குத் தொலைபேசியில் 'சாப்பிட்டியா?' என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அன்றிரவு அவரிடம், "அம்மா, உன் வாழ்க்கைக் கதையைச் சொல்லேன்" என்றேன்.

"என்ன தாயி, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார். நான் வற்புறுத்தவே, "பொறந்தோம், வளந்தோம், கட்டிக் குடுத்தாக, நீங்க பொறந்தீக. இதுல கதை என்ன இருக்கு? ராத்திரிக்கு என்ன சாப்பிட்ட?" என்று முடித்துவிட்டார்.

நம்முள் பலர் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறோம். 'எங்கள் அப்பா அதிகம் பேசமாட்டார்', 'எங்கள் அம்மாவுக்குச் சொல்லத் தெரியாது' என்று நண்பர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நானும் சொல்லியிருக்கிறேன். பிழை அவர்களிடம் இல்லை, கேள்வியில் இருக்கிறது. 'வாழ்க்கை' என்பது நாம் கட்டுரையில் எழுதும் சொல். அம்மாவின் மனத்தில் அப்படி ஒரு பொருள் மொத்தமாக மூட்டை கட்டி வைக்கப்படவில்லை. அங்கே இருப்பவை பசைச்சட்டி, மண்ணெண்ணெய் விளக்கு, மூன்று கல் தொலைவிலிருந்த நடுநிலைப் பள்ளி, மழை வந்தால் ஒழுகும் கூரை ஆகியவை. இவற்றைக் கேட்டால் இவை வரும்.

இதை நான் சித்திரை விடுமுறையில்தான் கற்றேன். அம்மா திண்ணையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, "பெட்டி ஒட்டுற பசையை எப்படிம்மா காய்ச்சுவீங்க?" என்று கேட்டேன். அவ்வளவுதான்! மைதா மாவைக் கட்டி தட்டாமல் எவ்வாறு கரைப்பது, எந்தப் பதத்தில் இறக்குவது, அதில் மயில்துத்தம் எவ்வளவு போடுவது என்று வரிசையாகச் சொல்லத் தொடங்கினார். மயில்துத்தம் எதற்கு என்றேன். "போடலேன்னா எலியும் கரப்பானும் பெட்டியத் தின்னுரும்னு சொல்லுவாக. பசிச்ச பிள்ளைக நக்காம இருக்கவும்தான்" என்றார். சொல்லிவிட்டுக் கீரையைப் பார்த்தார்.

பெட்டியில் இரண்டு பகுதி உண்டு. குச்சி இருப்பது அடிப்பெட்டி. அதை மூடுவது மேல்பெட்டி. அக்காலத்தில் அட்டை இல்லை. மெல்லிய மரச்சீவலை மடித்து, நீலத்தாள் சுற்றி ஒட்ட வேண்டும். 144 பெட்டி ஒரு குரோசு. ஒட்டியவற்றை வெயிலில் பரப்பிக் காயவைக்க வேண்டும். மழை நாளில் வேலையும் இல்லை, கூலியும் இல்லை. பேசிக்கொண்டே வந்தவருடைய கையைக் கவனித்தேன். கீரைக் காம்பை விட்டுவிட்டு, காற்றில் ஒரு பெட்டியை மடித்துக்கொண்டிருந்தது. ஐம்பது ஆண்டுக்குப் பின்னும் விரல் மறக்கவில்லை. தொலைபேசியில் கேட்டிருந்தால் நான் இதைக் கண்டிருக்கமாட்டேன். ஆகையால், கூடுமானவரை பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையில் ஏதேனும் வேலை இருக்கும்போது கேளுங்கள். எதிரே உட்கார்ந்து முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கும் பேச்சு வராது.

"கூலி எவ்வளவு கிடைக்கும்?" என்று கேட்டேன்.

"அது எனக்கு எப்படித் தெரியும்? ஆத்தா கையிலதான குடுப்பாக."

கூலியைப் பற்றி நான் படித்த புள்ளிவிவரங்கள் எவையும் எனக்குச் சொல்லாத செய்தி இது.

இனி நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் இவ்வளவு சொல்லிவரும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. "ரொம்பக் கஷ்டமா இருந்திருக்கும் இல்லம்மா?" என்றேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். "அரிசி ஊறப் போடணும்" என்று எழுந்து போய்விட்டார். இரண்டு நாள் அந்தப் பேச்சே இல்லை.

ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. மூன்றாம் நாள் அவரே சொன்னார். தெருவிலேயே தாம்தான் விரைவாக ஒட்டுவாராம். பத்து வயதில் ஒரு நாளைக்கு மூன்று குரோசு! எதிர்வீட்டுப் பெண் இரண்டரைக்கு மேல் தாண்டியதில்லையாம். இலங்கை வானொலியில் பாட்டு வரும் நேரத்தை வைத்தே எத்தனை பெட்டி முடிந்தது என்று கணக்குச் சொல்வாராம். பிறகு பதின்மூன்று வயதில் 'தீப்பெட்டி ஆபீசு'க்குக் கட்டை அடுக்கப் போனபோது விடியுமுன் பேருந்து வரும். நூல்நிலையத்தில் நான் படித்தவற்றில் அந்தப் பேருந்து ஒரு கொடுமை. கண் விழிக்காத குழந்தைகளை அள்ளிக்கொண்டு போவது கொடுமைதான், ஐயமில்லை. ஆனால் அம்மாவுக்கு அது சன்னலோரத்து இடம். "எங்க ஊர்ல தெனம் பஸ்ல போன பொம்பளப் பிள்ளைக நாங்கதான்" என்றார். அதே மூச்சில், தூங்கி விழுந்து முன் இருக்கைக் கம்பியில் இடித்துக்கொண்ட தழும்பையும் புருவத்தில் காட்டினார். சிறு வயதில் நான் கேட்டபோது மாட்டுக்கொட்டகையில் விழுந்தது என்று சொன்ன தழும்பு அது.

நான் இரக்கத்தை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அவருக்கு வேண்டியது இரக்கமன்று. தம் கைத்திறனை யாராவது கேட்டறிய வேண்டும் என்றே எதிர்பார்த்திருக்கிறார். முடிவை முன்னமே எழுதி வைத்துக்கொண்டு கேள்வி கேட்பவனுக்கு அந்த முடிவு மட்டுந்தான் கிடைக்கும். சில வேளை அதுவும் கிடைக்காது, எழுந்து போய்விடுவார்கள்.

கேட்டதை ஆண்டோடு பொருத்துவது அடுத்த வேலை. இதில் நம் பெற்றோர்க்கென்று தனி நாட்காட்டி உண்டு. 'எந்த ஆண்டு?' என்று கேட்டால் விழிப்பார்கள். 'அப்பொழுது ஊரில் என்ன நடந்தது?' என்று கேட்டால் ஆண்டு தானே வந்து விழும். பெட்டி ஒட்டத் தொடங்கியது எப்பொழுது என்று நான் சுற்றிச் சுற்றிக் கேட்டும் பயனில்லை. வேறு ஏதோ பேசும்போது, "காமராசர் செத்த அன்னைக்கு எங்க ஊர்ல அடுப்பு எரியல. நான் மேல்பெட்டி ஒட்டிக்கிட்டு இருந்தேன். ஆத்தா வந்து பசைச்சட்டியக் கவுத்து வச்சிட்டா" என்றார். காமராசர் மறைந்தது 1975 அக்டோபர் 2. ஆகவே, அதற்கு முன்பே அம்மா பள்ளியை விட்டுவிட்டார் என்பது உறுதி. அண்ணா மறைந்தது (1969 பிப்ரவரி 3), நெருக்கடி நிலை வந்தது (1975 ஜூன் 25), எம்.ஜி.ஆர். மறைந்தது (1987 டிசம்பர் 24) ஆகியவை நம் வீடுகளில் பெரும்பாலும் பயன்படும் மைல்கற்கள். கடற்கரை ஊர்க்காரர்களுக்கு 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் உண்டு.

பிறந்த நாள் விவகாரம் இதைவிடச் சுவையானது. அம்மாவின் பள்ளிச் சான்றிதழில் இருப்பது 1965 மே மாதத்துத் தேதி. பாட்டியோ, 'பாகிஸ்தான் சண்டை முடிந்த கையோடு, விசுவாவசு வருசம் ஐப்பசியில் பிறந்தவள்' என்பாராம். 1965 செப்டம்பர் 23-இல் போர் நின்றது. ஐப்பசி என்றால் அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவரை. பாட்டியின் கணக்கு இம்மியும் பிசகவில்லை. பிசகியது சான்றிதழ்தான். ஜூன் மாதம் பள்ளியில் சேர்க்க ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும். வலக்கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடக்காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் வயது ஆயிற்று! தலைமையாசிரியர் மே மாதத்தில் ஒரு தேதியை எழுதிக்கொள்வார். அக்காலத்துப் பெற்றோர் பலர் மே, ஜூன் மாதங்களிலேயே பிறந்திருப்பதன் இரகசியம் இதுதான்.

தமிழ் ஆண்டுப் பெயரை மட்டும் வைத்து முடிவு கட்டுவதில் ஓர் இடர் உண்டு. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். 1965 ஏப்ரலில் தொடங்கிய விசுவாவசு, 2025 ஏப்ரலில் மறுபடியும் வந்தது. பழைய ஓலையிலோ சாதகத்திலோ ஆண்டுப் பெயர் மட்டும் இருந்தால், அது தாத்தாவுடையதா, தாத்தாவின் தாத்தாவுடையதா என்பதை வேறு சான்று கொண்டுதான் துணிய வேண்டும். அதுபோலவே, அம்மாவின் சான்றிதழில் 'இராமநாதபுரம் மாவட்டம்' என்றிருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். 1985-இல்தான் எங்கள் பகுதி பிரிந்து காமராசர் மாவட்டம் ஆயிற்று. விருதுநகர் மாவட்டம் என்ற பெயர் 1997-இல் வந்தது.

அம்மா ஏன் படிப்பை விட்டார்? இதற்கு எங்கள் குடும்பத்தில் இரண்டு விடைகள். மாமாவைக் கேட்டால், "அக்காவுக்குப் படிப்பு ஏறல" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குச் சொல்லப்பட்டது அதுதான். அம்மாவைப் பல நாள் கழித்துக் கேட்டேன். கணக்கில் தாம்தான் முதல் என்றார். ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் ஆசிரியர் வீட்டுக்கு வந்து, 'பிள்ளையை நடுநிலைப் பள்ளிக்கு அனுப்புங்கள்' என்று பாட்டியிடம் சொன்னாராம். பாட்டி அவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டார். மூன்று கல் நடக்க வேண்டும். வயசுக்கு வரப்போகிற பெண். தம்பியைப் படிக்கவைக்க வீட்டில் இன்னொரு கை உழைக்க வேண்டும். கரிசல் காட்டில் மழை பொய்த்தால் கம்பும் இல்லை, பருத்தியும் இல்லை. அந்த வறட்சியிலேதான், 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்றுவந்த தீப்பெட்டித் தொழில் வேர் பிடித்தது. வெயில் பெட்டியைக் காயவைத்தது. பஞ்சம் பிள்ளைகளை அனுப்பிவைத்தது.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. தீப்பெட்டி செய்யும் பட்டறைகளில் சிறுவரை வைத்து வேலை வாங்குவதைத் தடுக்கும் சட்டம் 1938-லேயே வந்துவிட்டது. ஆனால், குடும்பத்தாரின் உதவியோடு நடக்கும் வேலைக்கு அதில் விலக்கு. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அந்த விலக்கு தொடர்ந்தது. அம்மா தம் வீட்டுத் திண்ணையில் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து ஒட்டியவர். எந்தச் சட்டத்தின் கண்ணிலும் படாதவர். சிவகாசிச் சிறுவர்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10-இல் தீர்ப்பு வழங்கி, வேலையில் வைத்த முதலாளி குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று சொன்னபோது அம்மாவுக்கு முப்பத்தொரு வயது.

நான் விடவில்லை. அம்மாவை அழைத்துக்கொண்டு அந்தத் தொடக்கப் பள்ளிக்கே போனேன். தலைமையாசிரியை நல்லவர். பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தார். கரையான் அரித்த ஓரம் போக, அம்மாவின் பெயர் இருந்தது. பள்ளியை விட்டு நீங்கிய நாள்: 1975 ஏப்ரல். நீங்கிய காரணம் என்ற கட்டத்தில், அழகான கையெழுத்தில், 'மேற்படிப்பு' என்று எழுதியிருந்தது. அதற்கு மேலும் கீழும் இருந்த பெயர்கள் எல்லாவற்றுக்கும் அதே சொல். ஐந்தாம் வகுப்பு முடித்த எல்லாரும் மேற்படிப்புக்குத்தான் போனார்கள், ஏட்டில்.

எனக்குச் சினம் வந்தது. அம்மா அந்தக் கட்டத்தின்மேல் விரலை வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தார், சிரித்தார். "எழுதிட்டாகல்ல? அப்பப் படிச்ச மாதிரிதான்" என்றார்.

என் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் 'தாயின் கல்வி' என்ற இடத்தில் நான் 'இல்லை' என்று எழுதியிருந்தேன். அதைப் பற்றி அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

பதிவேடு மெய், வாய்மொழி பொய் என்று நினைப்பதும், வாய்மொழி மெய், பதிவேடு பொய் என்று நினைப்பதும் ஒரே பேதைமை. நான் இப்பொழுது மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: மாமா சொன்னது, அம்மா சொன்னது, ஏடு சொன்னது. மாமாவிடம் போய்த் திருத்தவில்லை. "அவன்கிட்டச் சொல்லிராத. அவன் நெனச்சிக்கிட்டு இருக்கிறது அப்படியே இருக்கட்டும்" என்று அம்மா சொல்லிவிட்டார். இதை மாணவர் மலரில் எழுதலாமா என்று கேட்டேன். "அவன் டெல்லிக்கு வந்தா படிக்கப் போறான்?" என்றார்.

நாம் வாழும் இத்தில்லியே கேளாத கதைகளின் ஊர். 1947-இல் எல்லை தாண்டி வந்தவர்களின் குடும்பங்கள் இங்கே எத்தனை எத்தனை! ஊர்வசி புட்டாலியா 1998-இல் வெளியிட்ட பிரிவினை பற்றிய நூல், பிரிவினையின்போது இலாகூரிலேயே தங்கிவிட்ட தம் தாய்மாமனைத் தேடிச் சென்று பேசியதிலிருந்துதான் விரிகிறது. தலைவர்களைப் பற்றிய நூல்கள் அடுக்கடுக்காக இருந்தபோது, அவர் தம் வீட்டாரிடம் கேட்டார். நம் விடுதியில் என் பக்கத்து அறைப் பஞ்சாபிப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். தன் பாட்டியின் ஊர்ப் பெயர்கூடத் தனக்குத் தெரியாது என்றாள். அன்றிரவே வீட்டுக்குத் தொலைபேசி செய்தாள்.

விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்களுக்கு ஒன்றிரண்டு சொல்லி வைக்கிறேன். கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்வது எளிது. ஆனால் அனுமதி கேட்டுச் செய்யுங்கள். முதல் நாள் நான் கைப்பேசியை நடுவில் வைத்ததும், அம்மா வானொலியில் செய்தி வாசிப்பவர் போலப் பேசத் தொடங்கிவிட்டார்! பிறகு அதை ஓரமாக வைத்தேன். சிறிது நேரத்தில் மறந்துவிட்டார். ஊரின் படத்தை ஒரு தாளில் வரையச் சொல்லுங்கள். கிணறு எங்கே, கடை எங்கே, யார் வீட்டுக்கு அடுத்து யார் வீடு என்று வரையும்போது, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு கதை எழுந்து வரும். விலையைக் கேளுங்கள். 2007 முதல் ஒரு ரூபாய்க்கு விற்ற தீப்பெட்டி, 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய் ஆயிற்று. அந்தச் செய்தியை அம்மா மூன்று முறை எனக்குச் சொன்னார். அப்பொழுதே நான் கேட்டிருக்கலாம். அவர்கள் சொல்லும் சொல்லையே எழுதுங்கள். 'ஆபீசு' என்பதைத் 'தொழிற்சாலை' என்று திருத்தாதீர்கள். கி. ராஜநாராயணன் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி ஒன்றை 1982-இல் வெளியிட்டாரே, அதெல்லாம் இப்படித் திண்ணையில் கேட்ட சொற்கள்தாம். எழுதியதன் கீழே, யார், எங்கே, எந்த நாளில் சொன்னார் என்பதையும் குறித்து வையுங்கள். பத்தாண்டு கழித்து நமக்கே அது வேண்டியிருக்கும். எங்கள் பாட்டியிடம் நான் எதுவும் கேட்டதில்லை. அவர் போனபோது நான் பள்ளிப் பெண். ஐப்பசி மாதத்துச் செய்தி ஒன்று மட்டும் அம்மாவின் வழியாகத் தப்பி வந்திருக்கிறது.

எழுதியதை அவர்களுக்குப் படித்துக் காட்டுவதும் நம் கடமை. இக்கட்டுரையைத் தொலைபேசியில் அம்மாவுக்கு வாசித்தேன். முழுவதும் கேட்டார். ஒரு பத்தியை எடுத்துவிடச் சொன்னார்; எடுத்துவிட்டேன். மூன்று குரோசு என்று இருக்கும் இடத்தை மட்டும் மறுபடி ஒருமுறை வாசிக்கச் சொன்னார்.

பிறகு, "என்னையவே கேட்டுக்கிட்டு இருக்கியே, நீ அங்க எப்படித்தான் இருக்க?" என்றார்.

"என்னம்மா இருக்கு? படிக்கிறேன், சாப்பிடுறேன், தூங்குறேன்" என்றேன்.

சிறிது நேரம் பேச்சில்லை. பின்னர் அம்மா கேட்டார்: "ஒன் ரூம்ல சன்னல் எந்தப் பக்கம் பாத்து இருக்கு, தாயி?"